இழையும் மூட்டமும்

என் வேலையை இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம். இழை, மூட்டம். ஒருவருடைய கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் சுரண்டி எனக்கு அனுப்புவார்கள். அதில் வரும் உயிரணுக்களுக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கிக்கு அடியில் வைப்பேன். அந்தச் சாயம் ஒரேயொரு நொதியில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். பச்சை மெல்லிய இழை இழையாகத் தெரிந்தால் நொதி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, 'இழை' என்று சான்று எழுதுவேன். உயிரணு முழுக்கக் கலங்கலாகப் பரவிக் கிடந்தால் 'மூட்டம்'. இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஞானதாஸின் கண் தப்பியது என்று இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

இந்த இரண்டு சொல்லும் என் மேஜையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் குமரி மாவட்டத்தில் இப்போது கல்யாணத் தரகர் பெண்ணின் போட்டோவோடு அவளுடைய ஸ்லைடு படத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறார். பிள்ளை இழையா மூட்டமா என்பதுதான் முதல் கேள்வி. படிப்பும் நகையும் அதற்குப் பிறகுதான். மூட்டம் என்று நான் எழுதிக் கொடுத்த பெண்கள் சிலர் அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் ஒளித்துவைப்பார்கள், யாரோ பறித்துக்கொள்ளப் போவதுபோல. அதைப் பறித்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?

சாயம் சரியாக ஏறுகிறதா என்று தினமும் ஒத்துப்பார்ப்பதற்கு மூட்ட உயிரணுக்கள் என்னிடம் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். அவற்றைக் கண்ணாடித் தட்டுகளில் வளர்க்கிறேன். சாதாரணத் தீனியில் அவை வளராது, சோம்பிச் செத்துவிடும். ஃபார்மேட் என்கிற வெள்ளை உப்பு ஒரு சிட்டிகை சேர்த்தால் மளமளவென்று பெருகும். ஜன்னலோர அலமாரியில் அந்த உப்பு அரைக் கிலோ ஜாடியில் இருக்கிறது. காலையில் வந்ததும் முதல் வேலை தட்டுகளுக்கு உப்பு போடுவது. ஜாடி வந்து நாலு வருடமாகிறது, இன்னும் கழுத்து வரை நிற்கிறது.

மூட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்று பெருகியது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. புற்று அவ்வளவு வேகமாக வளர வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட நொதி உயிரணுவின் இழைமணி என்கிற உள்ளறைக்குள் இருந்தாக வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள், அந்த நொதி உள்ளே போகாமல் தடுக்க ஓர் ஊசியைச் செய்தார்கள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டார்கள். ஊசி பிடித்ததா என்று பார்க்கத்தான் முதலில் என்னை வேலைக்கு வைத்தார்கள். புற்று நின்றது, அதை மறுப்பதற்கில்லை. அமைச்சர் வந்து கேக் வெட்டினார். என் மகன் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்ததால் அவனுக்கு ஊசி கிடைக்கவில்லை என்று என் மனைவி எத்தனையோ நாள் அழுதாள். இன்றைக்கு அவன் இழை. மாமனார் வீட்டில் அவனைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்குகிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் செய்த பிறகுதான் ஊசி எதுவரை போயிருக்கிறது என்று தெரிந்தது. அது ஆணின் விந்தையும் பெண்ணின் முட்டையையும்கூட எட்டியிருந்தது. அப்பா அம்மாவில் ஒருவர் இழையாக இருந்தால் குழந்தைக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரும் மூட்டமென்றால் கருவும் முழு மூட்டம். வளர்ந்த உடம்பு மூட்டத்தோடு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். கரு சமாளிக்காது. முதல் மாதத்தில் மூட வேண்டிய மண்டை மூடாது.

அதற்கும் ஒரு துளி மருந்து கண்டுபிடித்தார்கள். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தாய் குடித்துவந்தால் பிள்ளை சுகமாகப் பிறந்தது. உடனே சுகாதாரத் துறை கூடி யோசித்தது. இரண்டு மூட்டங்களுக்கு மருந்து கொடுத்தால் பிறப்பதெல்லாம் மூட்டமாகத்தான் இருக்கும், இந்தக் கறை எந்தக் காலத்திலும் போகாது என்று முடிவு செய்தார்கள். ஆகவே இழையும் மூட்டமும் சேர்ந்த தம்பதிக்கு முன்னெச்சரிக்கையாகத் துளி மருந்து உண்டு. மூட்டமும் மூட்டமும் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. தேவையில்லாதவர்களுக்குத் தாராளமாகக் கொடு, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்காதே. அரசு போட்ட ஊசியை இப்படித்தான் அரசு துடைத்துக்கொண்டிருக்கிறது. விதியை மீறி மருந்து கொடுக்கிற ஊழியருக்கு வேலையும் போகும், சிறையும் உண்டு. மூட்டத் தம்பதி கருவுற்றது ஸ்கேனில் தெரிந்தால் கலைத்துவிடுவார்கள், கேட்க மாட்டார்கள்.

ஜெசிந்தா முதல் முறை வந்தபோது புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது இருக்கும். எட்வின்ராஜ் மலையோரத் தோட்டமொன்றில் ரப்பர் வெட்டுகிறவன். அவன் சட்டையில் காய்ந்த ரப்பர் பால் சொட்டுச் சொட்டாக ஒட்டியிருந்தது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் ஒரே வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டவர்கள். அவளுக்கு முன்னால் நின்ற இவன் அழுததாகவும், அதைப் பார்த்து அவள் சிரித்ததாகவும் எட்வின் சொன்னான். ஸ்லைடு பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட அசட்டுத் துணிச்சல்காரர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் குழந்தை மண்டை மூடாமல் பிறந்து அன்றைக்கே போய்விட்டது.

ஏற்கெனவே இரண்டு முறை ஆஸ்பத்திரி வழியாக அனுப்பிச் சான்று வாங்கியிருந்தார்கள், இரண்டு முறையும் மூட்டம். மூன்றாவதாகக் குச்சிகளை நீட்டினாள்.

"இன்னொரு தடவ பாருங்க சாரே. ரெண்டு பேருல ஒருத்தருக்கெங்கிலும் இழை காணும்."

பார்த்தேன். அவர்களை வெளியே உட்கார வைத்துவிட்டு ஒன்றுக்கு நாலு ஸ்லைடாகப் பார்த்தேன், எனக்கு என்ன நஷ்டம். எட்வின் மூட்டம், ஜெசிந்தா மூட்டம். பச்சை நன்றாகவே பரவியிருந்தது. எழுதிக் கொடுத்ததும் எட்வின் தாளைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு, "செரி, போவலாம்" என்றான். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் என் நுண்ணோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் தனியாக வந்தாள்.

பகல் பதினொன்றரை மணி, ஆய்வகத்தில் என்னைத் தவிர ஆள் இல்லை. அவள் அழுவாள், காலில் விழுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அந்த துள்ளி மருந்துல என்ன சாரே இருக்கு?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. எல்லோருக்கும் சான்றில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும்தான் வேண்டும். எனக்கு உடம்பில் ஒரு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

"கீரையில, பயறுல ஃபோலேட்டுன்னு ஒரு சத்து உண்டு. அத வச்சு வேல செய்ய உயிரணுக்குள்ள ஒரு கூட்டம் நொதி இருக்கு பிள்ள. எல்லாம் ஒரே எடத்துல நிக்காது. கொஞ்சம் பேரு வெளி முற்றத்துல நிப்பாங்க. கொஞ்சம் பேரு இழைமணிங்குற அறைக்குள்ள. இன்னும் கொஞ்சம் பேரு நடு அறையில, மரபணு இருக்குற எடத்துல. ஒவ்வொருத்தன் தலையிலயும் எந்த அறைக்குப் போவணும்னு ஒரு முகவரிச் சீட்டு ஒட்டியிருக்கும்."

"செரி."

"இழைமணிக்குள்ள நிக்கிறவன் ஒரு சின்னத் துண்ட வெட்டி வெளிய எறிவான். அதுக்குப் பேருதான் ஃபார்மேட். முற்றத்துல நிக்கிறவங்க அதப் பெறக்கித்தான் கட்டுமானம் நடத்துவாங்க. நடு அறையில மரபணுவுக்கு எழுத்து செய்யுறவங்களுக்கும் அதுதான் வேணும். ஒங்களுக்குப் போட்ட ஊசி அவன் தலையில இருந்த சீட்டக் கிழிச்சுட்டு. ஆளு சாவல்ல, நல்ல தெம்பாத்தான் இருக்கான். உள்ள போவ வழியில்லாம முற்றத்துல சும்மா நிக்கான்."

அவள் யோசித்தாள். "மிஷினு பெரைக்க உள்ள கெடக்கு, ஷீட்டு அடிக்கவன் காட்டுல நிக்கான். அப்படித்தானே சாரே?"

துறையின் பயிற்சிப் புத்தகம் பதினெட்டுப் பக்கத்தில் சொல்வதை இவள் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையை வைத்து ஒரு வரியில் சொல்லிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியானால் துளி மருந்து என்பது அவன் எறிய வேண்டிய துண்டை நாம் வெளியிலிருந்து ஊற்றிக் கொடுப்பதுதானே என்று அவளே மேலே போனாள். அதேதான் என்றேன். அந்தத் துண்டு ஏதோ வானத்திலிருந்து வந்த பொருள் என்று நினைக்க வேண்டாம், எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான், அதை உப்பாக்கிக் குப்பியில் அடைத்திருக்கிறார்கள் என்றேன்.

"ஃபார்மிக் ஆசிட்டா?"

"அதேதான். ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பாலு ஒறைய டிஷ்ஷுல ஒழிக்குகது அதுதானே. கேனுல எழுதியிருக்கும். எனக்க கையால எத்தற நாளு ஒழிச்சிருக்கேன்."

ரப்பர் பாலைச் சிரட்டைகளிலிருந்து எடுத்துவந்து, தட்டையான டிஷ்களில் ஊற்றி, அமிலம் கலந்த தண்ணீர் விட்டால் தயிர்போல உறையும். அதை மிஷினில் விட்டு அழுத்தி ஷீட்டாக்குவார்கள். இது எனக்குப் படித்துத் தெரிந்ததுதான். நான் நாகர்கோவில் நகரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன், ரப்பர் பெரைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. குழந்தை இறந்தபிறகு அவள் பெரை வேலைக்குப் போவதை விட்டுவிட்டாள் என்றும், இப்போது எட்வின் ஒருவனே எல்லாம் பார்க்கிறான் என்றும் சொன்னாள்.

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்த உப்பு இஞ்ச இருக்கா சாரே?"

நான் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தேன். ஜாடி என் தோளுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் இருந்தது. மருந்துக் குப்பிகளுக்குத்தான் காவல், இந்த ஜாடியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஒரு தாளில் மடித்துக் கொடுத்திருந்தால் எனக்குக்கூட மறந்துபோயிருக்கும். "இல்ல" என்றேன். பயந்தேன், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கொடுத்தால் குற்றம், சொன்னால் குற்றமில்லை. பயப்படத் தேவையில்லாமலே பெரிய மனிதனாக ஒரு வழி இருந்ததில் எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ஆகவே சொல்லிக் கொடுத்தேன். அமிலத்தை அப்படியே குடித்தால் குடல் வெந்துவிடும், உப்பாக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் கொஞ்சமாக விட்டு, ஆப்ப சோடாவைப் போட வேண்டும். நுரைக்கும். இனி போட்டாலும் நுரைக்காது, நாக்கில் புளிப்பில்லை என்றால் உப்பாகிவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு என்றும் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். எட்வினிடம் சொல்லப் போவதில்லை என்றாள். அமிலத்தைக் குடிக்கிறேன் என்று தெரிந்தால் கேனைத் தூக்கி ஆற்றில் எறிவான், அதுவுமில்லாமல் இன்னொரு குழந்தை என்ற பேச்சையே அவன் எடுக்க விடுவதில்லையாம். வாசல்வரை போனவள் திரும்பி, "சாரு நல்லா இருக்கணும்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் தலைக்கறி வாங்கிவரவா என்று கேட்டேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

நாலைந்து மாதம் கழித்து வந்தாள். நாள் தள்ளி மூன்று மாதமாகிவிட்டதாம். ஒரு பை நிறைய மரச்சீனிக்கிழங்கு கொண்டுவந்து என் மேஜைக்கடியில் வைத்தாள். முகம் தெளிந்திருந்தது, சேலையைத் தளர்த்திக் கட்டியிருந்தாள். எட்வினுக்கு இப்போது தெரியும், குழந்தை விஷயம் மட்டும். முதலில் ரெண்டு நாள் பேசாமல் கிடந்தானாம், மூன்றாம் நாள் மார்த்தாண்டம் சந்தையிலிருந்து ஒரு குட்டித் தொப்பி வாங்கிவந்து அலமாரிக்குள் வைத்திருக்கிறானாம். ஸ்கேனுக்கு மட்டும் போகமாட்டேன் என்றாள். போனால் கலைத்துவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். எதற்குப் போகணும், சரியாகத்தானே குடிக்கிறாய் என்றேன்.

"ஒரு நாளும் முடக்கல்ல சாரே. நுரை நல்லா பொங்கி வருது. பின்ன, மணமே இல்ல. சுகமா குடிக்கலாம்."

"சோடா போட்டா மணம் போயிரும் பிள்ள. அதுதான் உப்பாயிட்டுங்குறதுக்கு அடையாளம்."

"சோடா போடுகதுக்கு முன்னயும் இல்ல சாரே. முன்ன எல்லாம் கேனத் தொறந்தா மூக்கு பொத்திக்கிடணும், கண்ணுல தண்ணி வரும். இப்பம் ஒண்ணும் இல்ல."

ஃபார்மிக் அமிலத்தின் நெடி எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு சொட்டு சிந்தினால் அறையே காறும். அன்றைக்கு நான் அதை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் மிச்ச ஆறு மாதமாவது அவள் ஏமாந்திருக்க மாட்டாள். அன்று மதியத்துக்குள் முடிக்க வேண்டிய ஸ்லைடுகள் முப்பதுக்கு மேல் கிடந்தன. கேன் பழசாகியிருக்கும், நெடி கொஞ்சம் பறந்துபோயிருக்கும், கவலைப்படாதே என்றேன். அவளும் செரி சாரே என்றாள். என் சொல்லுக்கு மேல் அவளுக்குச் சொல் இல்லை. மரச்சீனியை அவித்து மீன்குழம்போடு சாப்பிட்டோம், மாவாக வெந்திருந்தது என்று மனைவி சொன்னாள்.

அதன்பிறகு அவள் வரவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்ததும் வெளியே நடமாடாமல் இருந்திருப்பாள்.

மழைக்காலம் முடிந்து ஒரு திங்கட்கிழமை காலை, மாவட்ட அலுவலர் டாக்டர் அனுசுயா தானே நேரில் வந்தார். வழக்கமாகப் பியூனிடம் கொடுத்தனுப்புகிறவர். கையில் ஐஸ் பெட்டி இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மூட்டத் தம்பதிக்குக் குழந்தை பிறந்ததாகவும், பத்து மாதமும் ஒளித்துவைத்திருந்து கடைசியில் வலியோடு வந்து விழுந்ததாகவும் சொன்னார். பெண் குழந்தை. நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு மணி பத்து நிமிடம் உயிரோடு இருந்தது. அப்பன் ஒரு தொப்பியைக் கொண்டுவந்து கொடுத்து, அதைப் போட்டபிறகு தாய்க்குக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறான். நர்ஸ் போட்டுப் பார்த்தாள், நிற்கவில்லை. காதுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்திரி வைத்து ஒட்டிக் காட்டினார்களாம்.

"பேரு?" என்று கேட்டேன்.

"குழந்தைக்குப் பேரு வைக்கல. அம்மா பேரு ஜெசிந்தா. எதுக்கு?"

பதிவதற்கு என்றேன். பதிவேட்டை விரித்துப் பேனாவை எடுத்தேன்.

குழந்தையின் தோல் துணுக்கும் தாயின் ரத்தமும் பெட்டிக்குள் இருந்தன. சாயம் ஏற்றிப் பார்த்தேன். மூட்டம், சந்தேகமே இல்லை. இத்தனை வருடத்தில் இவ்வளவு சீரான மூட்டத்தை நான் பார்த்ததில்லை. அனுசுயா குனிந்து பார்த்துவிட்டு ரொம்பத் தெளிவாக இருக்கிறது, படமெடுத்துக் கொடுங்கள், புதிய பயிற்சிப் புத்தகத்தில் போடலாம் என்றார். விதி எதற்காக இருக்கிறது என்று ஜனங்களுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றும் சொன்னார். படமெடுத்துக் கொடுத்தேன்.

அவர் போனபிறகு தாயின் ரத்தத்தில் ஃபார்மேட் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகப் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றும் இல்லை. தினமும் குடித்தவளின் ரத்தத்தில் அது இல்லாமல் எங்கே போகும்? கருவிதான் கோளாறு என்று நினைத்து மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதே.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். தோட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் மரங்களில் கட்டிய சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பெரை தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம். எட்வின்ராஜ் தனியாக நின்று மிஷினில் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். குழந்தையைப் புதைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பால் காத்திருக்காது. என்னைக் கண்டதும் கைகளைத் துடைத்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தீர்களே சாரே என்றான். துக்கம் கேட்க வந்ததாக நினைத்துக்கொண்டான்.

மூலையில் நீலக் கேன் இருந்தது. அதன்மேல் ஃபார்மிக் ஆசிட் என்று அச்சடித்த தாள் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் போய் மூடியைத் திறந்து மூக்கை அருகில் கொண்டுபோனேன். ஒன்றும் ஏறவில்லை.

"இது ஃபார்மிக் ஆசிட்தானே?"

"அது இல்லையே சாரே. கேனு மட்டும்தான் அதுக்கக் கேனு. மொதலாளி ரெண்டு வருசமா கந்தக ஆசிட்டுதான் வாங்கித் தருவாரு. வெல கொறவுல்லா. ஷீட்டு கொஞ்சம் கறுக்கும், ஒட்டும், வேற ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கத்துல எல்லா பெரையிலயும் இப்பம் இதுதான்." கேனின் மூடியைத் தானே இறுக்கி மூடினான். "கேட்டிருந்தா அப்பமே பறஞ்சிருப்பேனே. எதுக்கு சாரே?"

எந்த அமிலத்தில் ஆப்ப சோடா போட்டாலும் நுரைக்கும். எந்த அமிலமும் சோடா போட்டால் புளிப்பை இழக்கும். நான் பெருமையாகச் சொல்லிக்கொடுத்த பரிசோதனை அது ஒன்றுதான். பத்து மாதமாக அவள் குடித்தது ஒன்றுக்கும் உதவாத வேறொரு உப்பு. ஷீட் அடிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் தெரிந்த விஷயம் இது, நுண்ணோக்கி பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டியதை அவள் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லவும் செய்தாள்.

"சும்மா கேட்டேன்" என்றேன்.

பெரைக்குப் பின்னால்தான் வீடு. ஜெசிந்தா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பால் கட்டி வலித்ததால் மார்பை இறுக்கித் துணி சுற்றியிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று கை காட்டினேன். எட்வின் தண்ணீர் எடுக்க உள்ளே போனான். போனதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"சோடா கொறஞ்சு போச்சா சாரே? நான் வல்லதும் தப்பா செய்தேனா?"

எனக்கு முன்னால் இரண்டு பதில்கள் இருந்தன. உண்மையைச் சொன்னால் மணமில்லை என்று சொன்னதை அவள் நினைவுபடுத்திக்கொள்வாள். அதற்கு நான் சொன்ன பதிலையும் நினைவுபடுத்திக்கொள்வாள். எட்வின் கேட்பான். யார் சொல்லிக்கொடுத்தது என்று துறை கேட்கும். எனக்கு ஓய்வுபெற மூன்று வருடம் இருக்கிறது.

"கொறஞ்சிருக்கும்" என்றேன். "அளவு தப்பியிருக்கும்."

அவள் தலையாட்டினாள். "நடுவுல ரெண்டு வாட்டி கையளவுல போட்டேன். அது அப்பம் எனக்க கையாலதான்."

நான் மறுக்கவில்லை. எட்வின் தண்ணீர் கொண்டுவந்தான், வாங்கிக் குடித்தேன். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவன் சொம்பை வைக்க உள்ளே திரும்பியதும், சரியான அளவை ஒரு தாளில் எழுதித் தாருங்கள், அடுத்த முறை பிசகாமல் போடுகிறேன் என்றாள்.

"அடுத்த முறை வேண்டாம். ஒன் உடம்பு தாங்காது" என்றேன். "அந்தக் கேனை இனி தொடாத."

அந்தக் கேனைத் தொடாதே என்று சொன்னதை நான் செய்த நல்ல காரியம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். மார்த்தாண்டம் வருவதற்குள் அந்த நினைப்பும் போய்விட்டது.

புதிய பயிற்சிப் புத்தகம் வந்துவிட்டது. பன்னிரண்டாம் பக்கத்தில் என் படம், கீழே 'முழு மூட்டம், தெளிவான மாதிரி' என்று போட்டிருக்கிறது. ஒத்துப்பார்ப்பதற்கு இனி எல்லா ஆய்வகங்களும் இந்த மாதிரியையே வைத்துக்கொள்ள வேண்டும், ஆகவே இதன் உயிரணுக்களை அழியவிடாமல் வளர்த்துவரவும் என்று அனுசுயா குறிப்பு அனுப்பியிருக்கிறார்.

குழந்தையின் தோல் துணுக்கை உறையவைத்திருந்தேன், அதிலிருந்து உயிரணுக்களை எடுத்துத் தட்டில் வைத்தேன். முதல் இரண்டு நாள் சோம்பிக் கிடந்தன. கரு மண்டை மூடுகிற அந்த ஒரு மாதத்துக்கு ஒரு தாய்க்கு எவ்வளவு உப்பு வேண்டியிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தேக்கரண்டிதான் வந்தது. எழுந்து ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன்.

எட்டாம் நாள் தட்டு நிறைந்துவிட்டது. இரண்டாகப் பிரித்தேன், அவையும் நிறைந்தன. இப்போது பதினாறு தட்டுகளில் இருக்கிறாள். நன்றாக வளர்கிறாள்.